மொட்டைமாடி ஆண்டெனாவும் பறவைத் திரளும்: ஒரு தேடலின் வரலாறு

1980களில் காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வட்டாரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய இல்லங்களில் ஒரு காட்சி பொதுவானது. மொட்டைமாடியில் இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள்ளைப் போன்று அலுமினியக் கம்பிகள் பிணைத்த ஆண்டெனா நிற்கும். ஒருவர் குழாயைப் பற்றி மெல்லத் திருப்புவார். மற்றொருவர் முற்றத்தில் நின்று செய்தி கடத்துவார். கூடத்தில் பெட்டியின் முன் அமர்ந்தவர் "தெரிகிறது, போய்விட்டது, இன்னும் சற்றுப் பின்னால்" என்று குரல் கொடுப்பார். 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியதும் தென் தமிழகத்தின் பல ஊர்களில் ஆண்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கின. பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து புறப்பட்ட அலை, கடலைக் கடந்து நம் மாடிகளை வந்தடைந்தது. சில ஆண்டுகளில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தபின் அதே கம்பிகள் மேற்கு நோக்கித் திரும்பின. பிள்ளையார்பட்டியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் ஏறத்தாழ நேர் மேற்குத் திசையில் உள்ளது.

மாடியில் நின்றவருக்கும் முற்றத்தில் நின்றவருக்கும் கூடத்தில் அமர்ந்தவருக்கும் மின்காந்தவியல் தெரியாது. ஒன்றை முயன்றனர், விளைவைக் கண்டனர், கண்டதில் சிறந்ததை நினைவில் வைத்தனர், ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லினர், மீண்டும் முயன்றனர். ஏறக்குறைய இதே வழிமுறையைக் கணினிக்குக் கற்பித்து, வாய்பாட்டினால் அடைய இயலாத ஆண்டெனா வடிவங்களைக் கண்டறியும் துறை ஒன்று கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. அதன் ஒரு முக்கியமான அத்தியாயத்தைத் தமிழர்கள் எழுதியிருக்கின்றனர். பறவையும் தேனீயும் எறும்பும் அதில் பங்கு பெறுவதால் நம் இல்லங்களிலும் அது பேசப்பட வேண்டியதாகிறது.

மீன்முள்ளின் பிறப்பு

மாடியில் நின்ற அக்கருவியின் பெயர் யாகி–உடா ஆண்டெனா. ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஹிதெத்சுகு யாகி என்னும் பேராசிரியரும் ஷிந்தாரோ உடா என்னும் அவருடைய இளைய சகாவும் 1926இல் இதனை உலகுக்கு அறிவித்தனர். ஆய்வின் பெரும்பகுதியை உடாவே செய்தார். ஜப்பானிய மொழியில் தொடர்ந்து எழுதியவரும் அவரே. யாகி 1928இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையின் வழியாகவே வெளியுலகம் இதனை அறிந்துகொண்டதால், யாகியின் பெயர் நிலைத்துவிட்டது. மொழி எவருக்குப் புகழைச் சேர்க்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. உடா பின்னர் 1950களில் யுனெஸ்கோ வல்லுநராகப் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார் என்பது நம் நாட்டில் பலருக்குத் தெரியாத செய்தி.

ஜப்பான் தன் மக்கள் கண்டறிந்ததை மதிக்கவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது, பிரித்தானிய ராடார் நிலையங்களைக் கைப்பற்றிய ஜப்பானியருக்கு நியூமன் என்னும் படைவீரரின் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அதில் "யாகி" என்னும் சொல் மீண்டும் மீண்டும் வந்தது. எந்த அகராதியிலும் அதற்குப் பொருள் கிடைக்காமல், சிறைப்பட்ட நியூமனிடமே வினவினர். அது அந்த ஆண்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று அவர் விடையளித்தார். பகைவர் தம்மை நோக்கி நிறுத்திய கருவி தம் நாட்டிலேயே பிறந்தது என்பதைச் சிங்கப்பூரில்தான் அவர்கள் அறிந்தனர். சிங்கப்பூர் இவ்வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வரும்.

மீன்முள்ளின் அமைப்பு எளியது. பின்னால் சற்று நீண்ட ஒரு கம்பி. அது அலையைத் திருப்பி அனுப்பும். அடுத்து, கேபிள் இணைக்கப்பட்ட கம்பி. அதன் நீளம் ஏறத்தாழ அலைநீளத்தில் பாதி. முன்னால் சற்றுக் குறுகிய கம்பிகள் வரிசையாக நின்று அலையை வழிநடத்தும். பார்வைக்கு எளிதாயினும் கணக்கிற்கு இது கடினம். ஒரு கம்பியின் நீளத்தைச் சிறிது மாற்றினால், அதில் மட்டுமன்றி எல்லாக் கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டம் மாறுகிறது. ஒவ்வொரு கம்பியும் மற்ற எல்லாக் கம்பிகளோடும் பேசிக்கொண்டே இருக்கிறது.

எல்லா ஆண்டெனாவும் இத்தகையதன்று. டிஷ் எனப்படும் பரவளையத் தட்டின் வடிவத்தை வடிவியலே கொடுத்துவிடுகிறது. இணையாக வரும் கதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கும் வளைவு எது என்பதைக் கிரேக்கர் ஆராய்ந்தனர். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதின் புவைஹி அரசவையைச் சார்ந்த இப்னு ஸஹ்ல், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றிய நூலில் அதை மேலும் கூர்மையாக்கினார். அவருக்குப் பின் இப்னுல் ஹைஸம் பரவளைய ஆடியைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஒளியும் மின்காந்த அலையே ஆதலால், அவர்களுடைய வடிவியல் இன்றைய டிஷ்ஷுக்கும் பொருந்துகிறது. உதகையில் 1970 முதல் இயங்கும் வானொலித் தொலைநோக்கியின் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடி, அதே பரவளையத்தை நீட்டி உருவாக்கியதுதான். அங்கே அறிவு வாய்பாடாக இருக்கிறது. யாகி–உடாவில் அத்தகைய வாய்பாடு இல்லை.

ஆறு கம்பிகள் கொண்ட ஆண்டெனாவை எடுத்துக்கொள்வோம். நீளங்கள் ஆறு, இடைவெளிகள் ஐந்து, ஆக 11 எண்களை முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்தே மதிப்புகளை வைத்துப் பார்த்தாலும், மொத்தச் சேர்க்கைகள் பத்தாயிரம் கோடி. ஒன்றைச் சோதிக்க ஒரு நொடி என்றால், அனைத்தையும் சோதிக்க மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். பிள்ளையார்பட்டிக் குடைவரையைக் குடைந்த கைவினைஞருக்குப் பாறை ஒன்றே. உளி தவறினால் மாற்றுப் பாறை கிடையாது. ஆண்டெனா செய்பவருக்கோ பத்தாயிரம் கோடி வாய்ப்புகள் உள்ளன. அதுவும் ஒருவகையில் அதே அளவு துன்பமே.

ஆகவே நெடுங்காலம் வெட்டிப் பார்த்து, அளந்து பார்த்தே வழி கண்டனர். அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகத்தின் பீட்டர் வீஸ்பிக்கே பல மாதிரிகளைத் திறந்தவெளியில் அளந்து 1976இல் வெளியிட்ட அட்டவணைகளைத்தான் வானொலி ஆர்வலர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினர். அதற்குச் சற்று முன்னர், 1973இலும் 1975இலும், செங், சென் ஆகியோர் கணக்கின் துணையோடு இடைவெளிகளையும் நீளங்களையும் சிறிது சிறிதாகத் திருத்திச் செல்லும் முறையைக் கொடுத்தனர். அது சிறந்த முறை. ஆனால் மூடுபனியில் மலையேறுவதைப் போன்ற குறை அதற்கு உண்டு. காலடியில் மேடு எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்து ஏறுபவர் குன்றக்குடிக் குன்றின் உச்சியை அடைந்தவுடன் நின்றுவிடுவார். சுற்றிலும் இறக்கமே தெரிவதால் கொடைக்கானலையே அடைந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

பரிணாமம் என்னும் சொல்

இச்சிக்கலுக்கு விடை வந்த திசை பொறியாளர்கள் எதிர்பாராதது. 1964இல் பெர்லினில் இங்கோ ரெக்கன்பெர்க் என்னும் மாணவர் ஆறு பலகைப் பட்டைகளை ஐந்து கீல்களால் இணைத்துக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கீலும் 51 நிலைகளில் நிற்கலாம். ஆகவே சாத்தியமான வடிவங்கள் 34 கோடியே 50 லட்சத்துக்கும் மேல். கோணல்மாணலான வடிவில் தொடங்கி, குலுக்கல் முறையில் கீல்களைச் சிறிது மாற்றி, காற்றின் தடை குறைந்தால் புதியதை ஏற்று, கூடினால் பழையதற்கே திரும்பிச் சென்றார். சில நூறு முயற்சிகளில் பலகை தட்டையாயிற்று. தட்டை வடிவமே சிறந்தது என்பது முன்பே தெரிந்த விடைதான். எவரும் சொல்லிக்கொடுக்காமல் இம்முறை அவ்விடையை அடைந்தது என்பதே செய்தி. அவரும் ஹான்ஸ்-பால் ஸ்வெஃபெலும் இதற்குப் "பரிணாம உத்தி" என்று பெயரிட்டனர். அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் ஹாலண்ட் தனியே வளர்த்த "மரபணு அல்காரிதம்" 1975இல் நூலாக வந்தது.

பரிணாமம், மரபணு என்னும் சொற்களைக் கேட்டதும் நம் வீடுகளில் சிலர் முகம் சுளிப்பதுண்டு. மகளோ மகனோ பொறியியல் கல்லூரியில் இத்தலைப்பில் ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னால், "இது நம் ஈமானுக்கு ஒத்துவருமா" என்று கேட்கும் பெற்றோர் இருக்கின்றனர். கேள்வியைக் கேலி செய்யக் கூடாது. விடை சொல்ல வேண்டும். உயிர்களின் தோற்றத்தைப் பற்றி இந்த அல்காரிதம் எதையும் வலியுறுத்துவதில்லை. அதனுள் இருப்பவை எண்களின் பட்டியல்கள். நூறு பட்டியல்கள், நூறு ஆண்டெனாக்கள். அவற்றுள் நன்றாக வேலை செய்வனவற்றைத் தெரிந்து, இரண்டின் பகுதிகளைக் கலந்து, ஒன்றிரண்டு எண்களைச் சற்றே மாற்றி, அடுத்த நூறை உருவாக்குகிறது. எது நல்லது என்ற அளவுகோலை வகுப்பவர் பொறியாளர். உண்மையில் இது உழவர் விதைநெல் தெரிந்தெடுப்பதற்கு மிக நெருக்கமானது. விளைந்ததில் திரட்சியான கதிரை எடுத்து அடுத்த பருவத்திற்கு வைக்கும் உழவரிடம் எவரும் அகீதாவைப் பற்றி வினவுவதில்லை. உயிர்த்தோற்றம் பற்றிய விவாதத்திற்கு வேறு மேடை உண்டு; ஆண்டெனா ஆய்வில் அதைக் கொண்டுவந்து பிள்ளைகளின் வழியை மறிப்பது தேவையற்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

அல்காரிதம் என்னும் சொல்லோ, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் கணித நூல்கள் எழுதிய முஹம்மத் இப்னு மூசா அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து வந்ததாகும். இது பலரும் அறிந்ததே.

1990களில் கணினி மலிந்தபோது இம்முறை ஆண்டெனாவிற்கு வந்து சேர்ந்தது. 1994இல் ராண்டி ஹாப்ட், வரிசையாக அடுக்கிய ஆண்டெனாக்களில் எவற்றை நீக்கினால் தேவையற்ற திசைகளில் சிதறும் அலை குறையும் என்பதை மரபணு அல்காரிதத்தால் கண்டார். 1997இல் ஜோன்ஸ், ஜாயின்ஸ் இருவரும் நம் மீன்முள்ளையே அதனிடம் ஒப்படைத்தனர். விண்வெளிக்குச் சென்ற முதற்பயன் 2006 மார்ச் 22 அன்று நிகழ்ந்தது. நாசாவின் எஸ்.டி.-5 திட்டத்தின் மூன்று சிறு துணைக்கோள்களில், கசங்கிய பேப்பர் கிளிப்பைப் போன்ற ஓர் ஆண்டெனா பறந்தது. ஜேசன் லோன், கிரெகரி ஹார்ன்பி, டெரெக் லிண்டன் ஆகியோரின் குழு அதைப் பரிணாம முறையால் பெற்றது. இடையில் துணைக்கோளின் சுற்றுப்பாதை மாற்றப்பட்டு, தேவைகளும் மாறியபோது, ஒரு மாதத்திற்குள் புதிய வடிவத்தைத் தேடி எடுத்துச் செய்தும் காட்டினர். அந்த வடிவத்தைப் பார்க்கும் எந்த அனுபவசாலியும் தாமாக அதை வரைந்திருக்க மாட்டார்.

பறவையும் தேனீயும்

விதைநெல் முறையில் ஒரு கடுமை உண்டு: தோற்றவை கழிக்கப்படுகின்றன, அவை கண்டதும் அவற்றோடு மறைகிறது. எவரையும் கழிக்காமல், அனைவரும் தாம் கண்டதைப் பகிர்ந்துகொண்டே தேட இயலுமா? அதற்கு விடை 1995இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த மாநாட்டில் வாசிக்கப்பட்டது. எழுதியவர்கள் ஜேம்ஸ் கென்னடி என்னும் சமூக உளவியலாளரும் ரஸ்ஸல் எபெர்ஹார்ட் என்னும் மின்பொறியாளரும்.

அவர்களுக்கு முன்னோடிகள் இருந்தனர். 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ், தலைவன் இல்லாமலே பறவைக் கூட்டம் ஒன்றாகத் திரும்புவதைச் சில எளிய விதிகளால் கணினித் திரையில் காட்டினார். விலங்கியலாளர் ஃபிராங்க் ஹெப்னர் கூட்டை நோக்கி ஈர்க்கப்படும் பறவைகளைக் கணித்தார். கென்னடியும் எபெர்ஹார்ட்டும் கேட்டது வேறொன்று: தானியம் எங்கே இருக்கிறது என்று எப்பறவைக்கும் முன்கூட்டித் தெரியாது, ஆயினும் புதிதாக ஓரிடத்தில் தானியம் வைத்தால் சில மணி நேரத்தில் பறவைகள் வந்துவிடுகின்றன, அது எப்படி? விடையாக அவர்கள் கொடுத்த விதி ஒரே வரியில் அடங்கும். ஒவ்வொரு பறவையும் மூன்றைக் கலந்து அடுத்த நகர்வை முடிவு செய்கிறது: தான் சென்றுகொண்டிருக்கும் திசை, தான் இதுவரை கண்டதில் சிறந்த இடத்தின் நினைவு, கூட்டத்தில் எவரேனும் கண்டதில் சிறந்த இடத்தைப் பற்றிய செய்தி. இவற்றில் சிறிது தற்செயலும் கலக்கிறது. இறகு, அலகு எல்லாம் கழன்றுபோய், எண்களின் வெளியில் நகரும் புள்ளிகளே எஞ்சின. ஆகவே அதற்குத் "துகள் திரள் முறை" என்று பெயர் வந்தது.

மாடியில் ஆண்டெனா திருப்பிய மூவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். முப்பது மாடிகளில் முப்பது பேர் ஒரே நேரத்தில் திருப்பி, ஒருவருக்குத் தெளிவாகத் தெரிந்ததும் தெரு முழுவதும் குரல் கேட்டால் எப்படியிருக்கும்? அதுவே இம்முறை.

மின்காந்தவியலுக்கு இதைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் யஹ்யா ரஹ்மத் சமீ. 1948இல் தெஹ்ரானில் பிறந்து, தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் பணியாற்றி, 1989 முதல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். பெயரைக் கண்டு சொந்தம் கொண்டாடுவது என் நோக்கமன்று. அவர் செய்த பணியே போதுமான அறிமுகம். மரபணு அல்காரிதங்களை மின்காந்தவியலில் பயன்படுத்துவது பற்றி எரிக் மிக்கீல்சனோடு 1999இல் நூல் தொகுத்தார். 2004 பிப்ரவரியில் தம் மாணவர் ஜேக்கப் ராபின்சனோடு துகள் திரள் முறையை ஆண்டெனா உலகிற்கு விரிவாக அறிமுகம் செய்தார். அக்கட்டுரையில் அவர்கள் விளக்கத்திற்கு எடுத்துக்கொண்டது தேனீக்கள். ஒரு வயலில் மலர்கள் மிக நெருக்கமாகப் பூத்த இடத்தைத் தேனீக் கூட்டம் எப்படிக் கண்டறியும் என்று கேட்டு, அங்கிருந்து முழு முறையையும் விளக்கினர். வயலின் எல்லையைத் தாண்டிப் பறக்கும் தேனீயை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் மூன்று சுவர்களை ஒப்பிட்டனர்: தேனீயை அங்கேயே நிறுத்தும் சுவர், திருப்பி அனுப்பும் சுவர், கண்ணுக்குத் தெரியாத சுவர். மூன்றாவதில் தேனீ வெளியே செல்லலாம். ஆனால் அங்கே கண்டது கணக்கில் சேராது. அதைச் சோதிக்கும் நேரமும் மிச்சம். பின்னர், உட்சுவரில் வரிப்பள்ளங்கள் கொண்ட கொம்பு வடிவ ஆண்டெனா ஒன்றை இம்முறையால் வடிவமைத்துக் காட்டினர்.

தேனீ, எறும்பு, பறவை என்றதும் நம்மில் பலர் நினைவு அந்நஹ்ல், அந்நம்ல், அல்முல்க் அத்தியாயங்களுக்குச் செல்லும். சுலைமான் நபியின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தை எச்சரித்த எறும்பும், படை அறியாத ஸபா நாட்டுச் செய்தியைத் தேடிக்கொண்டுவந்த ஹுத்ஹுதும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. ஒன்று கண்டதைப் பலருக்கு அறிவிக்கும் உயிர்களின் காட்சியாக அவற்றை வாசிப்பவர் மகிழ்வது இயல்பே. எனினும், "இந்த அல்காரிதம் முன்பே நம் வேதத்தில் சொல்லப்பட்டுவிட்டது" என்று மேடைகளில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இறைமறை நம்மைப் படைப்புகளை உற்றுநோக்க அழைக்கிறது. பிரஸ்ஸெல்ஸில் ஜான்-லூயி தெநெபூர் எறும்புகளின் முன் இரு பாலங்களை வைத்து, அவை எந்த வழியைத் தேர்கின்றன என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தார். அத்தகைய ஆய்வுகளிலிருந்தே 1992இல் மிலான் நகரில் மார்க்கோ தொரிகோ எறும்பு அல்காரிதத்தை முனைவர் ஆய்வாக எழுதினார். அழைப்பைக் கேட்டவர் நாமாக இருந்தும், அமர்ந்து எண்ணியவர் பிறராக இருந்தனர் என்பதே இங்கு நினைக்க வேண்டியது. எண்ணி முடித்தவரின் உழைப்பின்மீது பின்னர் உரிமை கோருவது மறைக்கும் பெருமை சேர்க்காது.

மீண்டும் சிங்கப்பூர்

இளையான்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நாகூரிலிருந்தும் சென்ற நம் முன்னோருக்குச் சிங்கப்பூர் அயலூரன்று. சோழியர் பள்ளிவாசலாகிய ஜாமிஆ பள்ளி 1826இல் அங்கே தொடங்கப்பட்டது. செட்டிநாட்டு நகரத்தாரும் அவ்வாறே கடல் கடந்து சென்று அவ்வூரின் வணிகத்தில் ஊன்றினர். யாகி என்பது எவருடைய பெயர் என்று ஜப்பானியர் 1942இல் அறிந்துகொண்ட அதே தீவில், 2005இல் யாகி–உடா ஆண்டெனாவைத் திரள் முறையால் வடிவமைக்கும் கட்டுரை ஒன்று எழுதப்பட்டது. எழுதியவர்கள் எஸ். பாஸ்கர், ஏ. அல்ஃபோன்ஸ், பொ. நா. சுகந்தன், ஜே. ஜே. லியாங். இடம் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இவர்களுள் பாஸ்கர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தவர். அக்கல்லூரியை 1957இல் நிறுவிய கருமுத்து தியாகராசச் செட்டியார் நம் சிவகங்கைச் சீமையின் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர்.

அவர்கள் மூன்று வகையான தேவைகளை வைத்தனர். முதலாவது, அலையை ஒரே திசையில் கூடுமானவரை குவிக்க வேண்டும். இரண்டாவது, அதனுடன் கேபிளுக்கும் ஆண்டெனாவிற்கும் மின்மறுப்புப் பொருந்த வேண்டும். இல்லையேல் வந்த அலையில் ஒரு பகுதி திரும்பிச் சென்றுவிடும். மூன்றாவது, இவ்விரண்டுடன் பக்கவாட்டில் சிதறும் அலையும் குறைய வேண்டும். தேவைகள் கூடக்கூட நிலம் கரடுமுரடாகிறது; பொய்யான உச்சிகள் பெருகுகின்றன.

இங்கேதான் பழைய திரள் முறையின் பலவீனம் வெளிப்படுகிறது. கூட்டம் முழுவதும் ஒரே ஒரு சிறந்தவரை நோக்கிச் சாய்வதால், அந்தச் சிறந்தவர் குன்றக்குடியில் நின்றால் அனைவரும் குன்றக்குடியிலேயே கூடிவிடுவர். இதற்கு இக்குழுவினர் கண்ட மாற்று, "விரிவான கற்றல்" கொண்ட திரள் முறை. லியாங், சின், சுகந்தன், பாஸ்கர் ஆகியோர் பெயரில் 2006 ஜூனில் அது முழுமையாக வெளிவந்தது. இதில் ஒருவர் தம் எல்லா எண்களையும் ஒரே தலைவரிடமிருந்து கற்பதில்லை. பின்கம்பியின் நீளத்தை ஒருவரிடமிருந்தும், மூன்றாம் கம்பியின் இடைவெளியை மற்றொருவரிடமிருந்தும், வேறொன்றைத் தம் சொந்த அனுபவத்திலிருந்தும் கற்கிறார். ஆசிரியரைத் தேர்வதும் எளிது: குலுக்கலில் இருவரை எடுத்து, அவ்விருவருள் மேலானவரிடம் கற்க வேண்டும். ஏழு சுற்றுகள் வரை முன்னேற்றம் இல்லையேல் ஆசிரியர்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒட்டுமொத்தத்தில் பின்தங்கிய ஒருவரிடமும் ஏதேனும் ஓர் எண் சரியாக இருக்கக்கூடும் என்பதே இதன் அடித்தளம். யாகி–உடாவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது மற்றத் திரள் முறைகளைவிட இது சிறப்பாக இயங்கியது. 2006ஆம் ஆண்டுக் கட்டுரை ஆயிரக்கணக்கான ஆய்வுகளில் எடுத்தாளப்பட்டுள்ளது. சுகந்தன் பின்னர் கத்தார் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். வளைகுடாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

மிருகக்காட்சிச் சாலை

புகழ் வந்த இடத்தில் போலியும் வரும். 2000க்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் புதிய உயிரினம் ஒன்று அல்காரிதமாயிற்று: மின்மினி, வௌவால், சாம்பல் ஓநாய், திமிங்கிலம், விட்டில். நம் தமிழகத்திற்கும் இதில் ஓர் இடம் உண்டு. பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் குயிலை முன்வைத்த "குயில் தேடல்" முறையை ஷின்-ஷீ யாங், சுஆஷ் தேப் ஆகியோர் 2009 டிசம்பரில் கோயம்புத்தூரில் நடந்த மாநாட்டில்தான் வெளியிட்டனர். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆண்டெனாக் கட்டுரைகளிலும் குயில் கூவத் தொடங்கியது.

எதிர்க்குரல் எழுந்தது. 2015இல் கென்னத் சோரன்சென், புதிய உவமை புதிய அறிவாகிவிடாது என்று கடுமையாக எழுதினார். எறும்பு அல்காரிதத்தின் தந்தையான தொரிகோவே தம் சகாக்களோடு குயில் தேடலைப் பகுத்துப் பார்த்து, இறகுகளை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது பெர்லினில் ரெக்கன்பெர்க்கும் ஸ்வெஃபெலும் வகுத்த பழைய பரிணாம உத்தியே என்று 2022இல் காட்டினார். ஓநாய், திமிங்கிலம், வௌவால் முதலியவற்றுக்கும் அவர்கள் இத்தகைய தீர்ப்பையே வழங்கினர். 1997இலேயே வோல்பர்ட், மக்ரெடி இருவரும் எல்லாச் சிக்கல்களுக்கும் சிறந்த ஒரே அல்காரிதம் இருக்க இயலாது என்பதைக் கணித வழியில் நிறுவியிருந்தனர். சுகந்தன் குழுவினர் 2005இல் 25 சோதனைக் கணக்குகளைப் பொதுவில் வைத்து, எவரும் தம் முறையை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க வழிசெய்தனர். என் பார்வையில், புதிய மிருகத்தைக் கொண்டுவந்தவர்களைவிட இத்தராசைக் கொண்டுவந்தவர்களுக்கே இத்துறை அதிகம் கடன்பட்டுள்ளது. ஆயினும் மிருகங்களின் வரவு நிற்கவில்லை. ஆய்வேடு முடிக்க அவசரப்படும் மாணவருக்குப் புதிய பெயர் எளிய வழியாகத் தோன்றுகிறது.

காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ ஒரு கல்லூரி மாணவர் இன்று இந்த முழுப் பாதையையும் தம் மடிக்கணினியில் நடந்து பார்க்கலாம். ஆண்டெனாவின் கம்பிகளைக் கொடுத்தால் அதன் இயல்பைக் கணித்துச் சொல்லும் என்.இ.சி.-2 என்னும் நிரல், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. திரள் முறையை எழுத நூறு வரிகள் போதும். ஆனால் திரளுக்கு ஒரு குறும்பு உண்டு: நிரலில் எங்கே பிழை இருக்கிறதோ அங்கேயே அது சென்று கூடும். கணிப்பு பொய்க்கும் அளவுக்குக் கம்பிகளை நெருக்கி வைத்து, இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டும். அதனால் கிடைத்த வடிவத்தை அலுமினியத்தில் வெட்டி, மாடிக்கு எடுத்துச் சென்று அளந்தாக வேண்டும். பழைய தொலைக்காட்சி ஆண்டெனாவில் கம்பிகள் மீட்டர் கணக்கில் நீண்டவை; வெட்டுவதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எவரும் அறியார். இன்றைய வைஃபை அலைக்கு அலைநீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர்; கம்பி ஆறு சென்டிமீட்டர்தான். அதே ஒரு மில்லிமீட்டர் அங்கே ஒன்றரை விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிழையாகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு வடிவத்தையும் சரியாக வெட்டியதாகக் கொண்டு ஒருமுறையும், சற்றே தவறாக வெட்டியதாகக் கொண்டு பலமுறையும் சோதித்து, இரண்டிலும் தாங்கும் வடிவத்திற்கே அதிக மதிப்பெண் கொடுக்குமாறு அளவுகோலை மாற்றி எழுதுகின்றனர்.